நூற்றுப்பத்து வேகத்தில் இறங்கிய படம்

செங்காட்டுப்பாளையத்துச் சந்தைப்பேட்டையில் மனிதர்கள் தரைக்கு ஒரு சாண் மேலே நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஒரு சாணைப் பற்றி யாரும் வாயைப் பிளந்து நிற்கவில்லை. யாருக்கு முதல் முறை, வரிசையில் யார் குறுக்கே புகுந்தது, கரண்ட் எப்போது போகும் என்பதைப் பற்றித்தான் பேச்சும் சண்டையும் நடந்தன. வெளியூர்க்காரர்கள் பேருந்தைவிட்டு இறங்கித் திகைத்து நின்றால், இளநீர் சீவுகிறவர் கையை நிறுத்தாமலே, "நஞ்சப்பன் கடைல போட்டோ எறங்கீட்டிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணியா வழுக்கையா என்று கேட்பார். அவ்வளவுதான் விளக்கம். அதற்கு மேல் விளக்கம் கேட்டவர்களுக்கு அந்த ஊரில் யாரும் பெண் கொடுத்ததில்லை.

நஞ்சப்பன் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, சீர் எல்லாவற்றையும் ஃபிலிமில் பிடித்து இருட்டறையில் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், காலம் மாறுகிறது காலம் மாறுகிறது என்று எல்லோரும் சொன்னதால், நாமும் மாறித்தான் பார்ப்போமே என்று கோயமுத்தூருக்குப் போய் ஒரு டிஜிட்டல் கேமராவும் அதற்கு ஜோடியாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிவந்தான். கம்ப்யூட்டருக்குத் தனியாகப் பலகைத் தடுப்பு வைத்து, தரையில் விரிப்புப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று எழுதி ஒட்டினான். ஊரே கைகால் கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

படம் கேமராவுக்குள் இருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க, கேமராவிலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கும் சீரியல் போர்ட்டில் சொருக வேண்டும். சொருகினால் மட்டும் போதாது, கேமரா என்று ஒரு விருந்தாளி வந்து வாசலில் நிற்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க, டிரைவர் என்கிற மென்பொருளை ஃபிளாப்பியிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றினான். டிரைவர் அவனிடம் இரண்டு கேள்விகள் கேட்டது. எந்த போர்ட் என்றது. ஒன்றாவதில் மவுஸ் இருந்ததால் இரண்டாவது என்றான். எந்த வேகம் என்று கேட்டு, நூற்றுப்பத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிற எண்களை வரிசையாக நீட்டியது. இங்கேதான் நஞ்சப்பன் ஒரு ஃபிலிம்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தான். ஷட்டரை மெதுவாக விட்டால் இருட்டிலும் முகம் விழும், கழுவும்போது அவசரப்பட்டால் மணமகள்கூட வெளிறிப்போவாள் என்று பழகிய கை அது. மெதுவாக வருவதுதான் நல்ல படம் என்று நம்பி, இருந்ததிலேயே சின்ன எண்ணான நூற்றுப்பத்தைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் மவுஸை ஒரு அழுத்து அழுத்தினான்.

முதலில் வந்தவர் வெற்றிலைக்கடை அங்கமுத்து, பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு. படம் எடுத்து, ஒயரைச் சொருகி, இறக்கு என்று சொன்னதும், திரையில் ஒரு நீலக் கோடு நத்தைபோல நகர ஆரம்பித்தது. அங்கமுத்துவின் உச்சி முடி மட்டும் திரையில் தெரிந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அங்கமுத்து ஸ்டூலைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பியிருந்தார்.

"நஞ்சப்பா, செருப்பில்லாம வரச் சொன்னே, செரி. இப்ப காலே கீழ படமாட்டீங்குதே" என்றார்.

"ஆடாம இருங்கண்ணா. டிஜிட்டல்னா இப்பிடித்தானாட்ட இருக்குது."

அங்கமுத்து ஒரு காலை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "முட்டி வலிகூட இல்லப்பா. நான் போயி கடையப் பாக்கறன். படம் வந்தா சொல்லியுடு" என்று சொல்லிவிட்டு அப்படியே மிதந்து வெளியே போய், வெயிலில் சாலையைக் கடந்து, கூடைக்கு மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்தார். நீலக் கோடு முடிவைத் தொட்டதும் முறத்தில் இறங்குகிற தவிடுபோல மெதுவாகக் கீழே வந்தார். பார்த்துக்கொண்டிருந்த பேருந்து நிறுத்தம் மொத்தமும் சாலையைக் கடந்து வந்து ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றியது.

யாருடைய படம் ஒயர் வழியே இறங்குகிறதோ, அது இறங்கி முடியும்வரை அவருக்குக் கனமில்லை. அவர் தூக்குகிற எதற்கும் கனமில்லை. இது புரிந்ததும் வியாழக்கிழமைச் சந்தைக்கு மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே படத்தில் நின்றார்கள். பருத்திப் பொதியை ஆளுக்கு நாலாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தலைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு போனார்கள். கல்யாண வீடுகளில் பட்டும் நகையும் சுமக்கிற பெண்ணுக்காக முகூர்த்தத்துக்கு முன்னாலேயே சொல்லிவைத்தார்கள். பேருந்து நடத்துநர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, மிதக்கிறவர்கள் கட்டாயம் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள், ஏனென்றால் வண்டி கிளம்பினால் அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, பின் கண்ணாடி வந்து அவர்கள் முதுகைத் தட்டியது. மாரியம்மன் கோயில் குண்டத்தில் ஒரு மாப்பிள்ளை பூவைப்போலத் தீயைக் கடந்துவிட்டு மார்தட்டியபோது மட்டும் ஊர் கொதித்தது. பூசாரி யோசித்துவிட்டு, "கால் படலீன்னா குண்டம் எறங்குன மாதிரி இல்ல, குண்டத்த எட்டிப் பாத்த மாதிரி" என்று தீர்ப்புச் சொன்னார், அவன் மறுபடி இறங்கினான், அன்றிலிருந்து நோன்பு நாட்களில் ஸ்டுடியோவுக்குப் பூட்டு.

கரண்ட் போனால் மட்டும் ஊர் முழுக்கப் பொத்துப் பொத்தென்று சத்தம் கேட்கும். ஒரு சாண்தானே, யாருக்கும் எலும்பு முறியவில்லை, ஆனால் முட்டைக்காரர் அழுதார். அதனால் சந்தை நாளில் முதல் இளநீர் மின்வாரிய லைன்மேனுக்கு என்று ஆனது. அவரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்.

இவ்வளவிலும் ஒருநாளும் மிதக்காதவன் நஞ்சப்பன்தான். அந்த வேகத்தை டிரைவராலேயே நம்ப முடியவில்லை போலும். கொஞ்சத்துக்கு ஒரு முறை ஒரு சின்னப் பெட்டி எழும்பி, கேமரா பதில் சொல்லவில்லை, காத்திருக்கவா என்று இங்கிலீஷில் கேட்கும். உடனே ஆமாம் என்று அழுத்த வேண்டும், தவறினால் படம் அறுந்துபோகும், மூட்டைக்காரர்கள் பொதியோடு விழுவார்கள். கம்ப்யூட்டரைத் தொட வேறு யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே ஊரை மிதக்கவிட்டவன் நாற்காலியோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். அதில் அவனுக்கு வருத்தமெல்லாம் இல்லை. அவனுடைய மனசு முழுக்க சாந்தாமணிமேல் இருந்தது.

சாந்தாமணி அவன் மனைவி. இரண்டு தடவை வயிற்றில் தரித்து இரண்டு தடவையும் கைக்கு வராமல் போனது. அந்த இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறுங்கையோடு நின்றவன் நஞ்சப்பன். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்தான். மூன்றாவது முறை கரு நின்றபோது, பிரசவ ஆஸ்பத்திரி டாக்டர் பாத்திமுத்து, "ஒடம்புல பாரம் ஏறக்கூடாது, காலை ஊனி நிக்கவே கூடாது, சொல்லிட்டேன்" என்றார். படுத்தே கிடக்கிற ஆள் இல்லை சாந்தாமணி. ஆகவே நஞ்சப்பன் தினமும் அவளை ஒரு படம் எடுத்து, ஊராரின் முறை போக மீதி நேரமெல்லாம் அந்தப் படத்தை இறக்கிக்கொண்டே இருந்தான். அவள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் மிதந்து போய்வந்தாள், வயிற்றுக்குள் பிள்ளையும் கனமில்லாமல் இஷ்டத்துக்கு உருண்டது. மாதங்கள் நல்லபடியாக ஏறின.

"ஏனுங்க, பெத்துக்கறப்பவும் எனக்குக் கால் கீழ படக்கூடாது. அந்தப் பாரத்த என்னால இன்னொருக்கா தாங்க முடியாது" என்று ஒருநாள் சொன்னாள்.

"படாது. நான் பொறுப்பு" என்றான் நஞ்சப்பன். சொல்லும்போதே அவனுக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது: அவள் பெற்றெடுக்கிற நேரத்தில் அவன் சந்தையின் இந்தக் கோடியில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், ஆஸ்பத்திரியோ அந்தக் கோடியில். போகட்டும், பிள்ளை வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டான்.

வலி எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே, ஒரு வியாழக்கிழமை காலையில், சந்தை நிறைந்து வழிகிற நேரத்தில் எடுத்தது. நஞ்சப்பன் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கேமராவை எடுத்துப் போய் அவளைப் படம் பிடித்து வந்து இறக்கலாம் என்று ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தான். வாசலில் அங்கமுத்து சிரித்த முகமாக நின்றிருந்தார்.

"கோயமுத்தூர்ல இருந்து கம்பெனி இஞ்சினியர் தம்பி வந்துச்சு, நஞ்சப்பா. இனாம் சர்வீசாம். எல்லாத்தையும் சுத்தமா சரி பண்ணிக் குடுத்துருச்சு."

உள்ளே ஜெரால்டு என்கிற அந்த இளைஞன், சட்டையை இன் செய்து, கழுத்தில் டை கட்டி, பெரிய நன்மை செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். "சார், யாரு சார் ஸ்பீடை நூத்திப்பத்துல வெச்சது? எனக்குப் பாத்ததும் நெஞ்சே அடைச்சிருச்சு. பழைய டிரைவரை எடுத்துட்டு, சிடில இருந்து புதுசு போட்டுட்டேன். இனி எல்லாப் படமும் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துரும்."

வந்தது. சோதனைக்காக அவன் படம் எடுத்த ஒரு மூட்டைக்காரர், ஓர் எள்ளளவு எழும்பி உடனே கீழே வந்துவிட்டு, விக்கல் வந்தவர்போல முழித்தார். புது டிரைவரில் நூற்றுப்பத்து என்ற எண்ணே இல்லை. நஞ்சப்பன் சாந்தாமணிக்குக் கொடுத்த வாக்கை நாலே வார்த்தையில் சொன்னான். ஜெரால்டு நல்ல பிள்ளை, விளக்கம் கேட்கவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போய், "பழைய ஃபிளாப்பி குடுங்க சார், திரும்பப் போட்டுர்றேன்" என்றான்.

எல்லோரும் நிமிர்ந்து வாசற்படிக்கு மேலே பார்த்தார்கள். போன ஆயுதபூஜையன்று, இத்தனை நன்மைக்கும் மூலம் அந்த ஃபிளாப்பிதான் என்று ஊரார் ஒருமனதாக முடிவுசெய்து, அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறு கட்டி, எலுமிச்சையோடும் மிளகாயோடும் வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கு வெள்ளி சாம்பிராணியும் காட்டினார்கள். ஜெரால்டு அதை அவிழ்த்து, அதன் தகரக் கதவை நகர்த்திப் பார்த்தான். உள்ளே சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது.

"சாமியாயிருச்சு சார். இனி இது வேலைக்கு ஆகாது" என்றான்.

நஞ்சப்பன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் பார்த்தான். ஜெரால்டுதான் குற்ற உணர்ச்சி தாங்காமல் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினான்: "இந்த டிரைவரை மெதுவாப் போன்னு சொல்ல வழியே இல்ல சார். ஒயர் நீளமா இருந்தா மட்டும் வழில தப்பு வரும், தப்பு வரவர அதுவே பயந்து ஸ்பீடைக் குறைச்சுக்கும். அதனாலதான கம்பெனில இத்துனூண்டு ஒயர் குடுக்கறாங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து மைக் செட் ராக்கியப்பன், "ஒயரா? எத்தன நீளம் வேணும்?" என்று கேட்டார். சுற்றுவட்டாரத்துத் திருவிழாவெல்லாம் அவருடைய ஒயரில்தான் பேசியது, பாடியது, சண்டை போட்டது.

நஞ்சப்பன் நிமிர்ந்தான். "ஆஸ்பத்திரி வரைக்கும்" என்றான்.

சந்தை எழுந்தது. ராக்கியப்பன் வீட்டுச் சுருள் எல்லாம் வந்தது, கேபிள் டிவிக்காரர் மிச்சம் வைத்திருந்தது வந்தது, மோட்டார் கொட்டகைகளில் சும்மா கிடந்தது வந்தது, பந்தல்காரரின் சீரியல் லைட் ஒயர்கூட பல்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, எர்த்துக்கு ஒன்று என்று மூன்று மூன்றாகப் பின்னி, லைன்மேன் ஒவ்வொரு முடிச்சுக்கும் டேப் சுற்ற, வெற்றிலைக்கடை தாண்டி, ஆட்டுப்பட்டி தாண்டி, வெங்காயக் குவியலுக்கு மேலே, புளியமரக் கிளைக்கு ஊடே, கடைக்காரர்கள் ஆளுக்கொரு கம்பில் தூக்கிப் பிடிக்க, ஒயர் சந்தையைக் கடந்து போனது. இத்தனை மாதம் கனமில்லாமல் பொதி தூக்கியவர்கள் அன்றைக்கு நிஜக் கனத்தோடு ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஓடினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஜெரால்டு உட்கார்ந்தான். பக்கத்தில் ராக்கியப்பன் ஒரு மைக் வைத்தார். ஒயர் நீள நீள நஞ்சப்பன் அதன் நுனியில் கேமராவைச் சொருகிச் சோதிக்க, புளியமரத்துக் குழாய் ஸ்பீக்கரில் ஜெரால்டின் குரல் சந்தை முழுக்கக் கேட்டது.

"ஒம்பதாயிரத்து அறநூறுக்கு வந்துருச்சுங்க... இன்னும் நீட்டுங்க... ஆயிரத்து எரநூறு... முந்நூறு..."

ஒயரின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, கழுத்தில் கேமராவோடு, நஞ்சப்பன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். டாக்டர் பாத்திமுத்து கதவை மறித்தார்.

"ஆம்பளைங்களுக்கு உள்ள எடமில்ல."

"கேமரா மட்டும் உள்ள வரோணுங்க, டாக்டரம்மா."

டாக்டரம்மா கேமராவைப் பார்த்தார், அவன் கையிலிருந்து கிளம்பி வாசலைத் தாண்டி சந்தைக்குள் மறைகிற ஒயரைப் பார்த்தார், ஒயரைத் தூக்கிப் பிடித்து நிற்கிற வெங்காயக்காரரைப் பார்த்தார். உள்ளே சாந்தாமணி ஒரு குரல் கொடுத்தாள். "அதப் புடிக்க ஒரு ஆள் வேணுமில்ல" என்று டாக்டரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வழிவிட்டார். "தலைமாட்டுல நில்லு. இந்தப் பக்கம் கண்ணு வரக்கூடாது."

தலைமாட்டில் நின்று நஞ்சப்பன் அவளைத் தலைமுதல் கால்வரை படம் எடுத்தான். வேர்த்து, பல்லைக் கடித்து, அழுகிற முகம். இதுவரை அவன் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வான். ஒயரைச் சொருகினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஸ்பீக்கர் கரகரத்தது.

"எழுவத்தஞ்சு. சார், எழுவத்தஞ்சுல வருது. இப்பிடி ஒரு ஸ்பீடை நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன். வருது சார், உச்சந்தலை வருது."

சாந்தாமணி மேசையைவிட்டு ஒரு சாண் எழும்பினாள். அவள் முகம் இளகியது. "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டாள். வலி போகவில்லை, ஆனால் வலிக்கு ஏறி உட்கார இடமில்லாமல் போனது. டாக்டரம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றார். நஞ்சப்பன் ஒரு கையில் கேமராவும் மறு கையில் அவள் கையுமாக, அவள் நகர்ந்து போய்விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். சந்தையின் அந்தக் கோடியில் ஜெரால்டு பெட்டி எழும்பும்போதெல்லாம் ஆமாம் அழுத்தினான். கையை எடுக்க முடியாததால் அங்கமுத்து அவன் வாயில் போண்டாவைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். ஊருக்குப் போகும் பேருந்து அவன் கண்ணெதிரே கிளம்பிப் போனது, அவன் திரும்பியும் பார்க்கவில்லை. லைன்மேன் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் கைகூப்பி நின்றார்.

"கழுத்து வந்துருச்சுங்க" என்றது ஸ்பீக்கர். "தோளு வந்துருச்சுங்க." சந்தையில் விலை கேட்பதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

படம் வயிற்றைத் தாண்டி, முட்டியைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது பிள்ளை பிறந்தது. வீல் என்று அழுதது. அந்த அழுகை ராக்கியப்பன் வாசலில் வைத்திருந்த இன்னொரு மைக்கில் ஏறி, குழாய் ஸ்பீக்கரில் இறங்கி, சந்தை மொத்தத்தையும் சிரிக்கவைத்தது. ஆனால் பிரசவ அறைக்குள் யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை டாக்டரம்மாவின் கையில் விழவில்லை. படம் எடுத்தபோது அதுவும் உள்ளே இருந்ததல்லவா. கொடியை வெட்டியதும், கைகளுக்கு ஒரு சாண் மேலே, முஷ்டியை மடக்கிக்கொண்டு, தன்பாட்டுக்கு மிதந்தது. பெண் குழந்தை. டாக்டரம்மா அதை அலுங்காமல் பிடித்துக்கொண்டு போய்த் தராசில் வைத்தார். முள் அசையவில்லை.

"கனமே இல்லாத புள்ளையப் பொறந்ததுன்னு நான் எப்பிடிச் சொல்றது? வந்து நில்லு, கையை நீட்டு" என்றார் டாக்டரம்மா.

கேமராவை சாந்தாமணியின் தலைமாட்டில் வைத்துவிட்டு நஞ்சப்பன் இரண்டு கைகளையும் நீட்டினான். பிள்ளை அந்தக் கைகளுக்கு மேலே மிதந்தது. கண் பார்த்தது, காது கேட்டது, கைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. முன்பு இரண்டு தடவையும் வராந்தாவில் இருந்த அதே வெறுங்கை. அவனுக்குப் பயம் வந்தது; வாழ்க்கையில் முதல்முறையாக, இந்தப் படம் சீக்கிரம் வந்து தொலைக்கக்கூடாதா என்று நினைத்தான். எழுபத்தைந்து வேகம் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"கெண்டைக்கால் வந்துருச்சுங்க" என்றது ஸ்பீக்கர். பிறகு வெகுநேரம் கழித்து, "பாதம் வருதுங்க." பிறகு வெறும் கரகரப்பு. மிதந்தபடியே கழுத்தைத் திருப்பி சாந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுங்க" என்றான் ஜெரால்டு, மைக்கில் அழுதுகொண்டே.

கனம் தலையிலிருந்து வந்தது. முதலில் உள்ளங்கையில் ஒரு சின்னத் தலை பதிந்தது, அப்புறம் கழுத்து, முதுகு, பிருஷ்டம், கடைசியாக இரண்டு குதிகால். படியில் அரிசி விழுவதுபோல, ஒவ்வொன்றாக, சூடாக, ஈரமாக, அவன் கைக்குள் நிறைந்தது. நஞ்சப்பனின் தோள் தாழ்ந்தது, கால் தரையில் அழுந்தியது. ஊரையே கனமில்லாமல் நடக்கவைத்தவன் அந்தக் கனத்தோடு அசையாமல் நின்றான்.

"சாந்தா, கனமா இருக்குது" என்றான்.

மேசையில் முதுகு பட இறங்கியிருந்த சாந்தாமணி, ஒரு மூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"கீழ உட்டறாதீங்க."